முகாரி மட்டுமா அழவைக்கும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலாம்பரி கேட்டால் தூக்கம் வரும், ஆனந்த பைரவி ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், முகாரி அழவைக்கும் என்று ராகத்துக்கு ஒரு குணம் போட்ட பட்டியல் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. மருந்துக் கடைச் சீட்டுபோல அதை நம்பி, பிள்ளையின் தேர்வுப் பயம் போக எந்த ராகம் போடலாம் என்று பாட்டு வகுப்பு வாசலில் கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். இசைக்கு மனத்தை உருக்கும் சக்தி உண்டு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்தச் சக்தி ராகத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. சுருதி, சுரத்தின் அசைவு, சொல் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால்தான் வரும். இந்த மூன்றையும் நம் சிங்கப்பூர் மேடைகளில் சின்னச் சின்ன அலட்சியங்களால் கோட்டைவிடுகிறோம் என்பதே என் மனக்குறை.

முகாரியையே எடுத்துக்கொள்வோம். யாராவது புலம்பினால் ‘முகாரி பாடாதே’ என்று அடக்கும் அளவுக்கு அந்த ராகத்துக்குக் கெட்ட பெயர். அது ச ரி ம ப நி த ச என்று ஏறி, ச நி த ப ம க ரி ச என்று இறங்கும். பைரவி இறங்குவதும் அதே படிகளில்தான். சதுசுருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் என்று சுர வகைகள்கூட மாறுவதில்லை. கீபோர்டில் இரண்டின் அவரோகணத்தையும், அதாவது இறங்கு வரிசையையும், தட்டிப் பாருங்கள், ஒன்றுதான். தேர்ந்த பாடகர் வாயில் வரும்போது ஒரே பிடியில் இனம் தெரிந்துவிடும். பைரவியின் நிஷாதமும் காந்தாரமும் அகலமாக அசையும். முகாரியோ ரிஷபத்தில் நின்றுவிட்டு, காந்தாரத்தைத் தொடாமல் மத்திமத்துக்குத் தாவி, மேலே போகும்போது நி த ச என்று வளைந்து ‘ச’ என்னும் சட்ஜத்தை அடையும். அந்த வளைவில் ஏக்கமும் வரலாம், வியப்பும் வரலாம். சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று தியாகராஜர் பூரித்துப்போய்ச் செய்த கீர்த்தனை முகாரியில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு யாரும் அழுததாகத் தெரியவில்லை.

பாட்டில் புல்லரிப்பது எப்போது? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ல் வெளியிட்ட மூளை ஆய்வில், புல்லரிக்கும் இடம் வருவதற்குச் சற்று முன்பே, அதை எதிர்பார்க்கும்போதே டோபமின் சுரப்பது தெரிந்தது. உச்சக்கட்டத்தில் மூளையின் இன்னொரு பகுதியில் அது சுரந்தது. பங்கேற்றவர்கள் கேட்டதோ அவரவர் தமக்குப் பிடித்தது என்று கொண்டுவந்த இசை. யாருக்கும் பட்டியல் பார்த்து எழுதிக் கொடுக்கவில்லை.

எதிர்பார்ப்பை ஏற்றத்தான் பாடகர் நிஷாதத்திலேயே நின்று, மேல் சட்ஜத்தைத் தருவதுபோல் தந்து தராமல் இழுக்கிறார். சட்ஜம் எங்கே இருக்கிறது என்று தம்பூரா காதில் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் கேட்பவருக்கு அந்தத் தவிப்பு புரியும். நம் நிகழ்ச்சிகளில் தம்பூராவின் கதி என்ன? கைப்பேசிச் செயலியைத் திறந்து, பாடகரின் முழங்கால் அருகே குப்புற வைத்துவிடுகிறார்கள். 1 கட்டை என்ற சுருதி அளவில் பாடும் ஆண் குரலுக்குத் தம்பூராவின் மந்தர சட்ஜம், அதாவது கீழ் ‘ச’, ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அந்தக் கீழ்ச்சுரத்தைத் தர முடியாது. மேலோசைகளின் ரீங்காரம் மட்டும் கொசுபோலக் கேட்கும். செயலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பி வழியாக ஒலிக்கலவைக் கருவியான மிக்சரில் இணைத்து, ஒரு பங்கு அரங்குக்கும் இரண்டு பங்கு மேடை மானிட்டருக்கும் கொடுங்கள் என்கிறேன்.

அசல் தம்பூரா கிடைத்தால் இன்னும் நல்லது. சுருதி கூட்டப் பொறுமை வேண்டும். நடுவிலுள்ள சாரணை, அனுசாரணை என்ற இரு தந்திகளையும் சட்ஜத்தில் ஒன்றாக்கி, பிறகு மந்தரத்தையும் கடைசியாகப் பஞ்சமத்தையும் சேர்ப்பது சுலபம். அதன்பின் குதிரையின் மேல், தந்திக்கு அடியில் இருக்கும் பஞ்சு நூலை இம்மி இம்மியாக நகர்த்த வேண்டும். இடம் தவறினால் தந்தி ‘டொக்’ என்று செத்த ஒலி தரும். இடம் சரியாக அமைந்ததும் மந்தரத் தந்தியிலிருந்து யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் (காந்தாரத்தின் மேல் வகை) தானாக மிதந்து வரும். சுயம்பு காந்தாரம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். கீபோர்டின் காந்தாரமோ இதைவிட, ஓர் அரைச்சுரத்தை 100 பங்காக்கினால் 14 பங்கு ஏறியிருக்கும். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் 1 கட்டை சுருதியின் மேல் காந்தாரத்தில் விநாடிக்கு இரண்டு மூன்று துடிப்பாக உரசும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும். பஜனைக்குக் கீபோர்டு போகட்டும். சங்கராபரணம், கல்யாணி போன்ற ராகங்களை ஆலாபனையாகப் பாடும்போது அதை மூடி வைத்துவிடலாம்.

அடுத்து மிருதங்கம். இந்த ஊரில் அது படும் பாடு தனி. வெளியே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், உள்ளே குளிரூட்டியின் வறட்சி. ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், வறண்ட குளிரில் இறுகி ஏறும். ஒப்பனை அறையில் கூட்டிய சுருதி மேடைக்கு வந்ததும் நிற்காது. விளக்குச் சூடு பட்டால் இன்னும் மாறும். ஆகவே வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்து, நிகழ்ச்சியின்போது இருக்கப்போகும் அதே குளிரில், அதே மேடையில் குறைந்தது அரை மணி நேரம் வைத்துவிட்டுத்தான் சுருதி சேர்க்க வேண்டும். குளிரூட்டியைக் கூட்டம் வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று சிக்கனம் பார்க்கும் ஏற்பாட்டாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வலது முகமான வலந்தலையின் பின்னல் விளிம்பைக் கல்லால் மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து மேலாகத் தட்டினால் இறங்கும். சுற்றிலும் சமமாகத் தட்டாவிட்டால் ஒரு பக்கம் ஒரு சுருதி, மறுபக்கம் வேறு சுருதி. இடது முகமான தொப்பியில் அப்பிய ரவை குளிரில் சீக்கிரம் காய்ந்துவிடும். காயக் காயக் கும்கி என்ற கனத்த ஒலி மெலியும். ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுப் பிசைய அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில்தான் நம் ரசிகர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

ஒலியமைப்பைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஒன்றிரண்டு போதும். சமூக மன்றத்தின் பல்நோக்கு மண்டபம் பாட்டுக்காகக் கட்டியதன்று. வழவழத் தரை, வெறுஞ்சுவர், உயரக் கூரை. ஒலியைக் கூட்டக் கூட்ட எதிரொலிதான் கூடும், சொல் தெளியாது. மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, நாற்காலிகளை மேடைக்கு அருகே இழுத்து, ஒலியைக் குறைத்துப் பாருங்கள். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தால் கீழ்ச்சுரங்கள் ஊதிப்போய், கமகத்தின், அதாவது சுர அசைவின், நுணுக்கம் அதில் அமுங்கிவிடும். இன்னொரு வேண்டுகோள் அறிவிப்பாளர்களுக்கு: பாட்டு முடிந்து தம்பூரா அடங்குவதற்குள் ‘அருமை, அருமை’ என்று ஒலிவாங்கியில் பாய வேண்டாம். இரண்டு மூச்சு பொறுங்கள்.

கடைசியாகச் சொல். திருமுறை வகுப்புகளிலும் போட்டிகளிலும் பல பிள்ளைகளின் கையில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்த பாட்டுத்தாளைப் பார்க்கலாம். அதில் படமும் பாடமும் பதமும் பாதமும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கும். எதைப் பாடுகிறோம் என்று தெரியாத பிள்ளையிடம் உணர்ச்சி பாவத்தோடு பாடு என்று சொல்லி என்ன பயன்? முகத்தைச் சுளித்துக் காட்டும், அவ்வளவுதான். தமிழ் எழுத்தில் பெரிதாக அச்சடித்து, மூச்சு எடுக்கும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள். அப்பர் பாடிய ‘வீங்கிள வேனிலும்’ என்ற இடத்தில் அச்சிலுள்ள இடைவெளியை நம்பி, ‘வீங்கிள’ என்று நிறுத்தி மூச்சு வாங்குகிறார்கள். அங்கே கோடு வரக்கூடாது. அது வீங்கு இளவேனில், ஒரே மூச்சில் போக வேண்டியது. அதைப் பிரித்துக் காட்டியதும் இளவேனில் என்றால் என்ன என்று பிள்ளை கேட்கும். வருடம் முழுவதும் ஒரே வெயிலும் மழையுமாக இருக்கும் ஊரில் அதற்குப் பதில் சொல்ல, வகுப்பில் ஐந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாட்டு வாத்தியார் ஒருவர்,
ஈசூன்