பிராகாரப் புல்தரை மீட்பு: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டையில் உள்ள நம் பிள்ளையார் கோயிலின் வடக்குப் பிராகாரத்தில் மழைநீர் உறிஞ்சு குழியும் வடிகால் குழாயும் அமைக்கும் திருப்பணி நிறைவடைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொடிமரத்தடி வரை தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தத் திருப்பணியின் தேவை பற்றிப் பொதுக்குழுவில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. விவாதம் எல்லாம் அந்த இடத்தில் இருந்த புல்லைப் பற்றித்தான். ஆகவே இந்த அறிக்கையும் பெரும்பாலும் புல்லைப் பற்றியதே.

குழி வெட்டி, தரையை அரை அடி உயர்த்த வேண்டுமானால் 1,200 சதுர அடிப் புல்தரை போயாக வேண்டும். வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கொரியன் புல் பதித்துத் தர 30,000 ரூபாய் போதும் என்றார் ஒப்பந்தக்காரர். பொருளாளர் அதை ஆதரித்தார். ஆனால் நம்முடையது அருகம்புல். சங்கடஹர சதுர்த்திதோறும் பிள்ளையாருக்குச் சாத்தும் மாலைக்குப் புல் இந்தத் தரையிலிருந்தே போகிறது. கொரியன் புல் பார்வைக்கு மெத்தைபோல் இருக்கும். அதைக் கிள்ளி அர்ச்சனை செய்ய முடியாது. இருக்கும் புல்லையே பட்டை பட்டையாக எடுத்து வைத்திருந்து, வேலை முடிந்ததும் மீண்டும் பதிப்பது என்று குழு முடிவு செய்தது.

மண்வெட்டியால் எடுத்தால் வெகுநாள் ஆகும். பொன்னேரிப் பக்கத்திலிருந்து மினி டிராக்டர் ஒன்றை வாடகைக்கு வரவழைத்தோம். நம் பக்கவாட்டுக் கதவின் அகலம் நாலரை அடி. பெரிய டிராக்டர் நுழையாது. பின்னால் மாட்டும் கருவியைக் கொருக்குப்பேட்டைப் பட்டறை ஒன்றில் செய்தோம். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத் தட்டி, ஒன்றரை அடி அகலத்துக்கு ‘ப’ எழுத்தைக் கவிழ்க்காமல் அப்படியே நிறுத்தியதுபோல் வளைத்து, அடியிலும் இரு பக்கமும் கூர் ஏற்றினார்கள். பக்கக் கூர்கள் ஓரத்தை அறுக்கும். அடிக்கூர் வேரோடு மண்ணை அறுத்துக்கொண்டு போகும். பின்னால் புல் பாய்போல் கிடக்கும். சொல்லும்போது எளிதாகத்தான் இருந்தது.

ஆனி இரண்டாம் வாரத்தில், முதல் நாள், 14 பட்டைகள் கையில் எடுக்கும்போதே புட்டுபோல் உதிர்ந்தன. மண் காய்ந்திருந்தது. மறுநாள் மாலை லாரித் தண்ணீர் வாங்கித் தரை முழுவதும் நனைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். ஆழத்திலும் அப்படித்தான். இரண்டு அங்குலம் வைத்தால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது, பின்சக்கரம் வழுக்கியது. ஒரு அங்குலம் வைத்தால் புல் கிழிந்தது. முன்னால் இரண்டு மணல் மூட்டைகளைக் கட்டி, ஒன்றரை அங்குலத்தில் நிறுத்திய பிறகுதான் வேலை சூடு பிடித்தது. இன்னொன்றையும் ஓட்டுநர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்: அறுத்த பட்டையை உடனே அப்புறப்படுத்தாமல் அடுத்த வரிசைக்குப் போனால், சக்கரம் அதன்மேல் ஏறி நசுக்கிவிடும். ஒரு வரிசை அறுப்பது, தூக்குவது, பிறகே அடுத்த வரிசை.

நான்கடி நீளத்துக்கு நறுக்கிய ஒரு பட்டை முப்பது கிலோவுக்குக் குறையாது. இருவர் பலகைமேல் சரியவிட்டுத் தூக்கவேண்டும். மொத்தம் 200 பட்டைகள். ஆறு டன் மண்ணையும் புல்லையும் எடுக்க ஒருமுறை, அதில் மிஞ்சியதைப் பதிக்க இன்னொருமுறை கைகளால் சுமந்திருக்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் ‘புல்லுக்கு இவ்வளவு பாடா’ என்று கேட்பவர்கள் அந்த ஆட்களின் முதுகைக் கேட்கட்டும்.

இனி, நம் பிழை. எடுத்த பட்டைகளைத் தெற்குப் பிராகார நிழலில் தார்ப்பாய் விரித்து, புல் மேலே தெரியும்படி ஒற்றை அடுக்காகப் பரப்பச் சொல்லியிருந்தோம். இடம் போதவில்லை என்று கடைசி 31 பட்டைகளைச் சுருட்டி, ஐந்தைந்தாக அடுக்கி, கோணியால் மூடிவிட்டார்கள். குழுவில் யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வாசலில் பூக்கட்டும் அம்மாதான் செயலாளரை அழைத்து, “தம்பி, புல் வேகிறது, வந்து பாருங்கள்” என்றார். கோணியை விலக்கிக் கையை நுழைத்தால் இட்லிப் பானையைத் திறந்ததுபோல் ஆவி அடித்தது. உள்ளே இலைகள் மஞ்சளாகிப் புளித்த வாடை. அனலாசுரனை விழுங்கிய பிள்ளையாரின் வயிற்றுச் சூட்டைத் தணித்த புல், நம் கவனக்குறைவால் தானே வெந்துபோயிற்று. அந்த 31-ம் எருக்குழிக்குப் போயின.

ஏழு நாளில் முடியவேண்டிய குழி பதினாறு நாள் இழுத்தது. பழைய செங்கல் தளம் ஒன்று குறுக்கே வந்ததுதான் காரணம். அத்தனை நாளும் காலையும் மாலையும் பட்டைகளுக்குத் தண்ணீர் தெளித்தது அந்த அம்மாவும் மடப்பள்ளிப் பையன்களும்தான்.

ஆடி முதல் வாரத்தில் மீண்டும் பதித்தோம். நிரப்பிய மண்ணைக் குழியை நோக்கிச் சரிவாக டிராக்டரே நிரவியது. மேலே மணலும் மக்கிய எருவும் தூவி, செங்கல் கட்டுவதுபோல் இணைப்புகள் நேர்க்கோட்டில் வராமல் பட்டைகளை நெருக்கி வைத்து, தண்ணீர் நிரப்பிய டிரம்மை உருட்டி அழுத்தினோம். பன்னிரண்டாம் நாள் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம், வரவில்லை. 155 பட்டைகள் பிழைத்தன. மீதி 270 சதுர அடியில் கணுவோடு கூடிய கொடித் தண்டுகளை ஊன்றியிருக்கிறோம். ‘அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துகிறவர்கள் சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு கணுவும் வேர்விட்டுக்கொண்டிருக்கிறது.

ஆவணியில் ஓர் இரவு கொட்டிய மழைநீர் விடியலுக்குள் குழிக்குள் வடிந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழைதான் உண்மையான தேர்வு.

புல்லுக்கு மட்டும் ஆன செலவு: டிராக்டர் மணிக்கு 900 ரூபாய் வீதம் 14 மணி நேரத்துக்கு 12,600, பட்டறைக்கு 3,800, நான்கு ஆட்களுக்கு நான்கு நாள் கூலி 12,800, நான்கு லாரித் தண்ணீர் 6,000. ஆக 35,200 ரூபாய். ஒப்பந்தக்காரர் சொன்னதைவிட 5,200 ரூபாய் அதிகம். மிச்சம் பிடித்தோம் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. அந்தக் கூடுதல் தொகையைக் குழு உறுப்பினர்களே பகிர்ந்து செலுத்திவிட்டார்கள். உண்டியல் பணத்தில் கை வைக்கவில்லை. குழி, குழாய்க் கணக்கு தனியாக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது.

ஐப்பசி முடியும்வரை கயிறு கட்டிய பகுதியில் யாரும் நடக்கவேண்டாம். சதுர்த்திக்குப் புல் வேண்டுவோர் கிழக்கு ஓரத்தில் மட்டும் கிள்ளலாம்.

அறுப்புக் கருவி வாகன அறைப் பரணில் இருக்கிறது. நம் பக்கத்துக் கடற்காற்றில் இரும்பு என்ன ஆகும் என்பது தெரிந்ததே. மாதம் ஒருமுறை அதற்கு எண்ணெய் பூசும் பொறுப்பைப் பொருளாளர் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்