மில்லுச் சங்கைப் பொறுத்துக்கிட்ட எல்லாருக்கும்

போன ஞாயித்துக்கிழமை டெல்லி மயூர் விஹார் பார்க்ல எங்க பேண்ட் வாசிச்சு முடிச்சதுலேர்ந்து ஆளாளுக்கு என்னைப் பாராட்டிட்டு இருக்கீங்க, எனக்குக் கூச்சமா இருக்கு. எங்க வீட்டுல மில்லுச் சங்குன்னு பேர் வாங்கின அந்த ட்யூபாவை, அதான் அந்தப் பெரிய பித்தளை ஊது வாத்தியத்தை, மடியில வெச்சு ஊதினது மட்டும்தான் நான், அது அங்க வந்து சேர்றதுக்குள்ள எத்தனை பேர் கை பட்டுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அன்னைக்கு மைக்கை நீட்டினாங்க, தொண்டை அடைச்சுக்கிச்சு, "எல்லாருக்கும் தேங்க்ஸ்"னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். அதான் இப்ப எழுதறேன்.

முதல்ல என் பொண்ணுக்கு. கிளாரினெட் கத்துக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னு சேர்ந்தவ அவதான், நான் சும்மா துணைக்குப் போய் ஓரமா உக்காந்திருந்தவ. ரெண்டே மாசத்துல அவ நின்னுட்டா, நான் நிக்கல. மூலையில யாரும் தொடாம கிடந்த ட்யூபாவைக் காட்டி "ஆண்ட்டி, இதுக்கு ஆளே இல்ல, ஊதிப் பாக்கறீங்களா"ன்னு கேட்டாங்க. நாப்பத்தஞ்சு வயசுல, ஆபீஸ்ல ஃபைல் தூக்கறதைத் தவிர வேற எதையும் தூக்காத நான், பத்து கிலோ பித்தளையை ஏன் தூக்கினேன்னு இன்னைக்கு வரைக்கும் புரியல. உள்ள சுருண்டிருக்கற குழாயை நீட்டினா பதினெட்டு அடி இருக்குமாம், ஊதின முதல் நாளே தலை சுத்தி நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டேன்.

அதைச் சரிபண்ணினது சுபேதார் ஐயா. வேலூர்க்காரர், மத்தியப் பிரதேசம் பச்மரியில மிலிட்டரி மியூசிக் விங்ல படிச்சுட்டு ராணுவ பேண்ட்ல சர்வீஸ் முடிச்சவர், மயூர் விஹார் பேஸ் 3-ல இருக்கார். மூணு வாரம் என்னை வாத்தியத்தைத் தொடவே விடல. நாலு எண்ணிக்கைக்கு மூச்சை இழு, எட்டு எண்ணிக்கைக்கு விடு, சுவத்துல ஒரு துண்டு பேப்பரை வெச்சு மூச்சாலேயே கீழ விழாம பிடி, இதுதான் பாடம். விரலால அமுக்கற மூணு வால்வையும் சேர்த்து அமுக்கினா ஸ்ருதி ஏறிக்கும், உதட்டைத் தளர்த்தி இறக்கணும், இதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டா முறைப்பார். கடைசியில ஒரு நாள் அவராவே "ஊருக்குப் போனா முள்ளுக் கத்திரிக்காய் கொண்டாம்மா"ன்னார். ஐயா, இது வரைக்கும் ரெண்டு கிலோதான் குடுத்திருக்கேன், பாக்கி கணக்கு வெச்சிருக்கேன்.

எங்க மாடியில இருக்கற மாமிக்குத் தனியா ஒரு நமஸ்காரம். நவராத்திரியப்போ ஒரு சாயங்காலம் இறங்கி வந்து கதவைத் தட்டினாங்க, சரி, திட்டத்தான் வந்திருக்காங்கன்னு நினைச்சு நான் மன்னிப்பு கேக்கறதுக்குள்ள "ஏண்டிம்மா, நீ கீழ என்ன பண்றே, எங்காத்து கொலுவுல தஞ்சாவூர் பொம்மை தானா தலையாட்டறது"ன்னு சொன்னாங்க. ஓடிப்போய்ப் பாத்தேன், என் பொண்ணு கீழேர்ந்து போன்ல கேக்க கேக்க என் வீட்டுக்காரர் ஏதோ ஒரு மாதிரி ஊத, ஒண்ணும் ஆடல. நான் இறங்கி வந்து அடி பி ஃபிளாட்டைப் பிடிச்சா மாமி மேலேர்ந்து "ஆடறது ஆடறது"ன்னு கத்தறாங்க. செகண்டுக்கு ஐம்பத்தெட்டு தடவை அதிர்ற ஸ்வரம் அது, அந்தப் படிப்பலகைக்கும் அதுக்கும் ஏதோ ஒத்துப் போயிருக்கு. 1835-ல பெர்லின்ல பேடன்ட் வாங்கின வாத்தியம் தஞ்சாவூர் பொம்மையை ஆட்டுதுன்னு சுபேதார் ஐயாவுக்கு ஒரே சிரிப்பு. மாமி நினைச்சிருந்தா சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்புல ஒரு வரி போட்டு என்னை நிறுத்தியிருக்கலாம். வேற ஒருத்தர் போட்டார், யாருன்னு சொல்லல, அவர் பக்கமும் நியாயம் இருக்கு, நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து காலையில தூங்கறவர். மாமிதான் அவர்கிட்ட பேசி காலைல இல்ல, சாயங்காலம் ஆறரைலேர்ந்து ஏழுன்னு ஒரு நேரம் குறிச்சுக் குடுத்தாங்க.

நவம்பர்ல காத்து மாசு அளவு (ஏக்யூஐ) நானூறைத் தாண்டினப்போ பார்க் பிராக்டிஸ் நின்னு போச்சு. ட்யூபாக்காரிக்கு மத்தவங்களை விட ஜாஸ்தி காத்து வேணும், அந்தக் காத்தை இழுத்தா இருமல்தான் வருது. அப்ப கம்யூனிட்டி ஹாலைத் திறந்து விட்டு, எங்கேர்ந்தோ ஒரு ஏர் பியூரிஃபையரையும் கொண்டு வந்து வெச்ச செக்ரட்டரி சாருக்கு நன்றி. கல்யாண சீசன்ல அந்த ஹாலை விட்டிருந்தா சொசைட்டிக்குக் காசு வந்திருக்கும்.

இப்ப பெரிய கதைக்கு வரேன். ஜனவரி கடைசி வாரம், ப்ரோக்ராமுக்கு ரெண்டே வாரம். வாய் வெச்சு ஊதற மவுத்பீஸ் இறுகிக்கிச்சு, கழட்டவே வரல. இப்படி ஆனா விவரம் தெரிஞ்சவங்ககிட்ட குடுக்கணும்னு ஐயா நூறு தடவை சொல்லியிருக்கார், நான் கேட்டேனா? சமையல்கட்டு டிராயர்லேர்ந்து கட்டிங் பிளேயரை எடுத்துத் திருகினேன். மவுத்பீஸ் அசையல, அது சொருகியிருக்கற குழாய்தான் பத்தவெச்ச இடம் விட்டுப்போய் டக்குனு கையோட வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி நான் அழுதது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்தான் தெரியும். பேண்டோட வாத்தியம், என் சொத்து கூட கிடையாது.

மறுநாள் லீவு போட்டுட்டு மீரட் கிளம்பினோம். அங்க ஜாலி கோட்டின்னு ஒரு இடம், இந்த நாட்டுல கல்யாண பேண்ட் வாத்தியம் எங்க செய்யறாங்கன்னு கேட்டா முதல்ல அந்தப் பேரைத்தான் சொல்வாங்க. நியூ அசோக் நகர்லேர்ந்து நமோ பாரத் ரயில் விட்ட புதுசு அது, நாப்பது நிமிஷத்துல மீரட் சவுத். ஸ்கேனர் மெஷினுக்குள்ள ட்யூபா போகல. செக்யூரிட்டி தம்பி அதோட வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்து, தலையையே உள்ள விட்டுப் பாத்து, வெளிய வந்து "ஊதிக் காட்டுங்க"ன்னார். உடைஞ்சிருக்கு தம்பி, சரிபண்ணத்தான் போறோம்னு சொன்னதும் முகம் மாறிப்போய் தானே ஒரு பக்கம் பிடிச்சு பிளாட்ஃபாரம் வரைக்கும் தூக்கிட்டு வந்தார். அவர் பேர் கூட கேட்டு வெச்சுக்கல, இதைப் படிக்கப் போறதும் இல்ல, ஆனாலும் நன்றி தம்பி.

ஜாலி கோட்டியில ஒரு சின்ன பட்டறை, வயசான ரிப்பேர்காரர். பாஜாவை, அதான் வாத்தியத்தைப் பாத்தார், பிளேயர் பல்லு பதிஞ்ச தடத்தைப் பாத்தார், என்னைப் பாத்தார். "உன் பல்லு வலிச்சா இதே இடுக்கியால பிடுங்குவியா மகளே?"ன்னு இந்தியில கேட்டார். என் வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு சிரிச்சார், அதை நான் மறக்க மாட்டேன். மரச்சுத்தியால சுத்தி சுத்தி லேசா தட்டித் தட்டியே மவுத்பீஸைக் கழட்டினார், பலமே போடல. அப்புறம் நாலு நாள் வெச்சிருந்து குழாயைப் பத்த வெச்சு, நான் சொல்லாமலே அடியில இருந்த ரெண்டு பழைய நசுக்கலையும் உள்ளேர்ந்து தள்ளி எடுத்து, வால்வு ஸ்பிரிங்கையும் மாத்திக் குடுத்துட்டு அவர் கேட்ட காசை இங்க சொன்னா நம்ப மாட்டீங்க. கூடவே ஒண்ணு கேட்டார். அந்த ப்ரோக்ராம்ல வாசிக்கறப்போ ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கணுமாம், இங்க ரிப்பேர் ஆகிப் போற பாஜா எங்க போய் வாசிக்குதுன்னு யாரும் வந்து காட்டினதே இல்லையாம்.

ப்ரோக்ராம் அன்னைக்கு குளிர். குளிர்ல குழாய்க்குள்ள காத்து குளிர்ந்தா சத்தம் மெதுவாப் போகும், ஸ்ருதி இறங்கிடும், பதினெட்டு அடிக் குழாய் சூடேற நேரமாகும். அதனால எங்க முறை வர்ற வரைக்கும் ட்யூபாவுக்கு ரஜாய், அதான் பஞ்சுப் போர்வை, போர்த்தி கட்டிப் பிடிச்சுட்டு உக்காந்திருந்த அந்த மீசைக்காரர் என் வீட்டுக்காரர்தான், நிறைய பேர் கேட்டீங்க. எனக்கு முன்னாடி உக்காந்திருந்த, சின்ன ட்ரம்பெட் மாதிரி இருக்கற கார்னெட்டை ஊதற பையனுக்கும் சொல்லணும், பதினோரு வயசு. ரெண்டாவது பாட்டுல எனக்கு நாப்பது பாருக்கு (தாள வட்டத்துக்கு) மேல ரெஸ்ட், ஊதாம எண்ணிட்டே இருக்கணும், பயத்துல எண்ணிக்கையை விட்டுட்டேன், அவன் முதுகுக்குப் பின்னாடி விரலை மடக்கி மடக்கி எண்ணிக் காட்டினான். கண்ணா, நீ இல்லேன்னா நான் தப்பான இடத்துல பூந்திருப்பேன்.

கடைசியா அத்தைக்கு. மதுரை மில் குவார்ட்டர்ஸ்ல வளந்தவங்க. முதல் நாள் நான் ஊதினதைக் கேட்டு "என்னடி, ஷிப்டு சங்கு மாதிரி இருக்கு"ன்னாங்க, அதுலேர்ந்து வீட்டுல அதுக்குப் பேரே மில்லுச் சங்குதான். வால்வுலேர்ந்து தண்ணி வடிச்சா எச்சில்னு முகம் சுளிக்காம பழைய துண்டை மடிச்சுக் கீழ போட்டு வெப்பாங்க, அது மூச்சுல இருக்கற ஈரம்தான்னு ஒரு தடவை சொன்னதோட சரி. ட்யூபா மீரட்ல கிடந்த நாலு நாளும் ஆறரை மணிக்கு குக்கர் வைக்க மறந்து போனாங்களாம், "சங்கு ஊதல, எனக்கு மணியே தெரியல"ன்னாங்க.

போட்டோ பிரிண்ட் போட்டாச்சு, வர்ற சனிக்கிழமை மீரட் போய்க் குடுக்கப் போறேன். பேண்ட்ல யாருக்காவது வால்வு ஆயில் வேணும்னா வெள்ளிக்குள்ள சொல்லுங்க, வாங்கிட்டு வரேன்.