மின்சைக்கிளும் உப்புக்காற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூரிய ஒளியில் சார்ஜ் ஏறும் மின்சைக்கிள்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராமநாதபுரம் கடற்கரையில், பெரியபட்டினம் பக்கம் இருபத்தாறு ஆண்டுகளாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பகுதிக்கு இந்த வண்டி அவசியம் வர வேண்டும். ஆனால் படத்தில் இருந்ததுபோல் கேரியரில் சூரியத் தகட்டை மாட்டிக்கொண்டு வந்தால் பயன்படாது. அந்த இடத்தில்தான் மீன் கூடை இருக்கும்.

விடிவதற்கு முன்பே கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுக்கும் பெண்களில் சிலர் சைக்கிளிலும் பலர் ஷேர் ஆட்டோவிலும் உட்பகுதி ஊர்களுக்கு விற்கப் போகிறார்கள். ஆட்டோ வாடகை போக மிஞ்சுவது சொற்பம். ஐஸோடு சேர்ந்த கூடையை வைத்துக்கொண்டு கச்சான் காற்றை எதிர்த்து மிதிப்பது எவ்வளவு பாடு என்பது, மிதித்தவர்களுக்குத்தான் தெரியும்.

சென்ற ஐப்பசியில் அப்படி ஓர் அக்கா தம் மின்சைக்கிளைக் கொண்டுவந்தார். வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. சார்ஜர் சொருகும் துளையைக் கழற்றிப் பார்த்தேன். பித்தளை முனைகள் முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்தேன், வண்டி அசையவில்லை. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலருக்குள்ளும் உப்பு ஏறியிருந்தது. விற்ற கடையில் உதிரிப்பாகம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இன்று அவர் மோட்டாரையும் பேட்டரியையும் வீண் சுமையாகச் சுமந்துகொண்டு அதை வெறும் சைக்கிளாக மிதிக்கிறார். “பழைய சைக்கிளே இதைவிட லேசாக இருந்தது தம்பி” என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வெயிலுக்கு இங்கே பஞ்சமே இல்லை. எங்கள் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் ஓடுகிறது. ஒரு கிலோவாட் தகடு பதிக்க ஏறக்குறைய நூறு சதுர அடி கூரை போதும். நாளொன்றுக்கு நான்கு யூனிட் வரை கிடைக்கும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாக ஏற அரை யூனிட்கூட ஆகாது. ஆக, அந்த நூறு சதுர அடியில் எட்டு, பத்து வண்டிகள் சார்ஜ் ஏறிவிடும். மீன் இறங்குதளங்களில் ஏலக்கூடத்துக் கூரை சும்மாதானே கிடக்கிறது? வியாபாரம் முடிந்து பெண்கள் திரும்பும் உச்சி நேரத்தில் வண்டியை அங்கே நிறுத்திச் சொருகிவிட்டுப் போகலாம். தகட்டில் படியும் மணலையும் உப்பையும் காலைப் பனி ஈரத்திலேயே ஒருவர் துடைத்துவிடலாம். அடைமழை மாதங்களில் மட்டும் வீட்டு மின்சாரம் துணைக்கு வரட்டும்.

250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம் என்ற வரம்புக்குள் இருந்தால் உரிமமும் பதிவும் தேவையில்லை என்பதும் இவர்களுக்குப் பெரிய வசதி.

அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விலையில்லாச் சைக்கிள்கள் பல ஆண்டு ஓடுவதற்குக் காரணம், எந்த ஊரிலும் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பதுதான். சீமைக் கருவேல முள்ளில் நாளொன்றுக்கு இரண்டு பஞ்சர் ஒட்டும் எங்களுக்கு, மின்சைக்கிளின் ஒயரைத் தொடக்கூட யாரும் கற்றுத்தரவில்லை. மானியத்தில் வண்டி கொடுக்க நினைப்பவர்கள், எல்லா வண்டிக்கும் ஒரே வகைச் சார்ஜர் முனையும் ஒரே வகைப் பேட்டரியும் இருக்கும்படி முதலில் பார்க்க வேண்டும். இணைப்புகளை உப்புக்காற்று புகாதபடி ரப்பர் உறையிட்டு மூட வேண்டும். கண்ட்ரோலரும் பிரேக் ஒயரும் ராமநாதபுரத்திலாவது கிடைக்க வேண்டும்.

மாவட்டத்திலுள்ள அரசு ஐ.டி.ஐ. ஒன்றில் எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்குப் பயிற்சி வைத்தால், கடையை இரண்டு வாரம் பூட்டிவிட்டு முதல் ஆளாக வந்து உட்காருகிறேன்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர் ஒருவர்,
பெரியபட்டினம் வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்