டிரெயில் கேமரா: மெகாபிக்சல் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டு விலங்குகளின் நடமாட்டத்தை நோட்டமிட உதவும் டிரெயில் கேமராக்களில் விலை குறைந்தவற்றை அறிமுகப்படுத்தித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஆய்வாளர்களிடம் மட்டுமே இருந்த ஒரு கருவி சாதாரண ஆர்வலரின் கைக்கும் எட்டியிருப்பதை எடுத்துச் சொன்னது பாராட்டுக்குரியது. ஆனால், மெகாபிக்சல் எண் ஒன்றையே அளவுகோலாக வைத்து அக்கட்டுரை கேமராக்களை வரிசைப்படுத்தியிருப்பது, முதன்முறையாக வாங்குபவரைத் தவறான தேர்வுக்குத் தள்ளிவிடும் என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

விலை குறைந்த கேமராக்களின் பெட்டியில் 30 என்றும் 48 என்றும் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் மெகாபிக்சல், பெரும்பாலும் உள்ளே இருக்கும் பட சென்சாரின் உண்மையான திறன் அன்று. சென்சார் பதிவு செய்வது அதில் ஒரு சிறு பங்கு மட்டுமே. மீதியை மென்பொருள், பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து இட்டு நிரப்புகிறது. இப்படி நிரப்புவதால் விலங்கின் உடலில் ஒரு மயிர்கூடக் கூடுதலாகத் தெரியாது. மாறாக, கோப்பு பெருத்து மெமரி கார்டு விரைவில் நிறைகிறது. அதை எழுதி முடிக்கக் கேமராவுக்கு நேரம் பிடிப்பதால் அடுத்த படமும் தாமதமாகிறது. அத்தகைய கேமராவை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், அமைப்புகளுக்குள் சென்று படத்தின் அளவைச் சென்சாரின் உண்மைத் திறனுக்கு இறக்கி வைப்பதே நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது, விலங்கு குறுக்கே வந்ததிலிருந்து படம் பதிவாகும் வரை ஆகும் நேரம். இக்கேமராக்களில் இருப்பது வெப்ப அசைவை உணரும் அகச்சிவப்பு சென்சார். பின்னணியின் வெப்பத்திலிருந்து வேறுபட்ட உடல் ஒன்று அதன் பார்வைக்குள் நகரும்போது அது கேமராவை விழிக்கச் செய்கிறது. விழித்துப் படமெடுக்க நல்ல கேமராவுக்கு அரை நொடிக்கும் குறைவாகவே ஆகும். மந்தமானதற்கு ஒரு நொடியும் அதற்கு மேலும் ஆகலாம். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒரு மான், 0.3 நொடியில் 1.2 மீட்டர்தான் நகர்ந்திருக்கும்; ஒரு நொடியிலோ 4 மீட்டர் கடந்திருக்கும். கேமராவிலிருந்து 3 மீட்டர் தொலைவில், 50 பாகைக் கோண லென்ஸுக்குள் அடங்கும் அகலமோ ஏறத்தாழ 2.8 மீட்டர்தான். ஆகவே மந்தமான கேமராவில், 48 மெகாபிக்சலாக இருந்தாலும், கிடைப்பது ஆளில்லாப் பாதையின் படமே.

ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கேமரா மீண்டும் தயாராகும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூட்டத்தின் முதல் விலங்கு சிக்கிய பிறகு கேமரா நீண்ட நேரம் உறங்கிவிட்டால், பின்னால் வரும் குட்டிகள் கணக்கில் வராமலே போய்விடும்.

விலங்குகள் பலவும் இரவிலேயே அதிகம் நடமாடுகின்றன என்பதால், இரவு வெளிச்சத்தைப் பற்றி அக்கட்டுரை ஒரு வரியும் எழுதாதது பெரிய குறை. 850 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு விளக்குகள் தொலைவுக்கு ஒளி வீசும். ஆனால் எரியும்போது மங்கலான சிவப்பு தெரியும். 940 நானோமீட்டர் விளக்குகள் மனிதக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்கு விலையாக ஒளியின் எட்டும் தூரம் குறைந்து, படம் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகிறது. ஆள் நடமாட்டமும் திருட்டுப் பயமும் உள்ள இடத்துக்கு இரண்டாவது வகை. தனித்த இடத்துக்கு முதல் வகையே போதும் என்பது என் கருத்து. எவ்வகையானாலும் வாங்கும் முன் அந்தக் கேமரா எடுத்த இரவுப் படங்களைப் பார்த்துவிட வேண்டும். ஒளி போதாதபோது கேமரா ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைப்பதால், நடக்கும் விலங்கு வெறும் வெள்ளைத் தீற்றலாகப் பதிவாகும். பகலில் எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான்!

கையில் இருக்கும் தொகை முழுவதையும் கேமராவிலேயே செலவழித்துவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பல மாதிரிகளுக்கு 8 பென்சில் பேட்டரிகள் தேவை. சாதாரண அல்கலைன் பேட்டரி தீரத் தீர மின்னழுத்தம் இறங்கி, பகல் படங்கள் சரியாக வந்துகொண்டிருக்கும்போதே இரவு வெளிச்சம் மங்கத் தொடங்கும். ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் பேட்டரி 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான் தரும் என்பதால், கேமரா அதை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். லித்தியம் பேட்டரி விலை கூடியது. ஆனாலும் நெடுநாள் நின்று, கடுங்குளிரிலும் உழைக்கும். மெமரி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்து, தேதியையும் நேரத்தையும் சரிபார்த்துவிட்டுக் கட்டுவது நல்லது. நேரம் தவறிய படத்தால் விலங்கு எப்போது வருகிறது என்ற கேள்விக்கே பதில் கிடைக்காது.

எங்கே, எப்படிக் கட்டுகிறோம் என்பதும் விலையைவிட முக்கியமானது. வெப்ப அசைவை உணரும் சென்சார் தன்னை நோக்கி நேரே வரும் உடலைவிடக் குறுக்கே கடப்பதை எளிதில் உணரும். அதனால் பாதைக்குச் சற்றுச் சாய்வாக, நடுத்தர விலங்குகளுக்கு முழங்கால் உயரத்தில், உதிக்கும் சூரியனும் மறையும் சூரியனும் லென்ஸில் விழாதபடி வைக்க வேண்டும். முன்னால் வெயிலில் சூடேறி ஆடும் ஒரு புல் நுனியோ இலையோ இருந்தால் போதும், வெற்றுப் படங்களாலேயே கார்டு நிறைந்துவிடும். ஒழுங்காகக் கட்டிய கேமராக்களிலும் தேடியது மிகச் சிறு பங்காகவே கிடைக்கும். 2018 இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைத்து எடுத்த ஏறத்தாழ 3.48 கோடிப் படங்களில் புலி இருந்தவை 76,651 மட்டுமே.

உயர்விலைக் கேமரா ஒன்றுக்குப் பதில் அடக்கமான இரண்டை வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். இரண்டு பாதைகளை ஒரே சமயத்தில் கண்காணிக்கலாம். வேண்டுமானால் எதிரெதிராகவும் வைக்கலாம். புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், தனித்தனி விலங்குகளை அடையாளம் காண முனையும் ஆய்வாளர்கள் இருபக்கமும் கேமரா வைப்பதுண்டு. சிம் கார்டு மூலம் படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பும் வகையோ, மாதந்தோறும் கட்டணம் கேட்பதோடு அலைவரிசை கிடைக்காத காட்டில் பயனற்றும் போகும். காப்புக்காட்டில் எதை வைப்பதாக இருந்தாலும் வனத்துறை அனுமதி பெற்ற பிறகே வைக்க வேண்டும் என்பதை அக்கட்டுரை குறிப்பிட்டிருக்கலாம்.

இனி இத்தகைய கருவிகளை அறிமுகப்படுத்தும்போது, படம் பதிவாக ஆகும் நேரத்தையும், விளக்கின் வகையையும், ஒவ்வொரு கேமராவும் எடுத்த இரவுப் படம் ஒன்றையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கானுயிர் ஆர்வலரான ஒரு வாசகர்