புது ஆல்டர்னேட்டர் வாங்குவதற்கு முன்

கூடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் சின்ன விமானத்தில் சார்ஜ் குறைவதை எடுத்து நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் பாட்டரியைச் சார்ஜ் செய்யும் அந்த ஆல்டர்னேட்டரைப் புதுசாக ஆர்டர் போட்டுவிடுவாய். அதனால்தான் கடிதம். வாங்குவதற்கு முன்னால் அளந்து பார்.

லைட் போடாதபோது 14 வோல்ட் நிற்கிறது. லைட்டும், வேகம் காட்டும் குழாய் உறையாமல் சூடேற்றும் பிட்டோ ஹீட்டரும் போட்டால் 12.8-க்கு விழுகிறது. எஞ்சின் வேகம் ஏற ஏற ஹெட்செட்டில் அந்தக் கீச்சுச் சத்தமும் ஏறுகிறது. எனக்கு அந்தச் சத்தம்தான் முக்கியம். உள்ளே சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பிரஷ் தேய்ந்திருந்தால் ஒரு நேரம் சார்ஜ் இருக்கும், ஒரு நேரம் இருக்காது. வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போயிருந்தால் ஒன்று சார்ஜே ஏறாது, இல்லையென்றால் 15, 16 என்று எகிறி பாட்டரியை வேகவைத்துவிடும். உன்னுடையது இந்த இரண்டு மாதிரியும் தெரியவில்லை. ஆல்டர்னேட்டருக்குள் உண்டாவது மூன்று ஃபேஸ் ஏசி கரண்ட், அதை டிசி ஆக்க, கரண்டை ஒரே பக்கமாக மட்டும் விடும் ஆறு டயோடு. அதில் ஒன்று போனாலும் மீதி வேலை செய்யும். ஆனால் முழு ஆம்பியர் வராது, ஏசி கசிந்து ரேடியோவில் அழும். தேவாலா, பந்தலூர் ஜீப்காரர்கள் பாட்டு செட் இரைகிறது என்று வந்து நிற்பார்கள். நான் செட்டைத் தொடாமல் நேராக டயோடு பிளேட்டுக்குத்தான் போவேன்.

அதற்கும் முன்னால் எர்த் ஒயரைப் பார். இங்கே ஆடி மழையில் அந்த ஒயர் நுனியில் இருக்கும் உலோக லக் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். உனக்குக் களிம்பைவிட அதிர்வுதான் எதிரி. லக்குக்குள் கம்பி இழை இழையாக அறுந்திருக்கும், மேலே உறை மட்டும் புதுசு போல இருக்கும். கையால் பிடித்து ஆட்டிப் பார்.

அப்புறம் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ஆல்டர்னேட்டர் முனையில் எவ்வளவு ஏசி கசிகிறது என்று அள. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடுதான். ஜீப்பில் நாங்கள் பானெட்டுக்குள் தலையை விட்டு அளப்போம். உன் ஆல்டர்னேட்டரோ புரொப்பெல்லருக்கு ஒட்டினாற்போல் பின்னால் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அதன் கிட்ட நீயும் போகக்கூடாது, உதவிக்கு வருபவரும் போகக்கூடாது. ஆல்டர்னேட்டர் முனையருகே சின்ன ஃபியூஸ் போட்டு, ஒரு ஒயரைக் காக்பிட்டுக்குள் இழுத்து, சீட்டில் உட்கார்ந்தே படி. ஓடும் எஞ்சினில் பாட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையை யாராவது சொல்லித் தந்தால் கேட்காதே. மிச்ச டயோடும் போகும், ரேடியோவும் போகும்.

பிரித்தாயானால் பேரிங்கையும் பிரஷ்ஷையும் கையோடு மாற்றிவிடு. கார் ஆல்டர்னேட்டர் டிராஃபிக்கில் பாதி நேரம் மெதுவாகத்தான் சுற்றும். உன்னுடையது அந்தப் பெரிய புல்லியில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடுகிறது, சூடும் அதிகம்.

சார்ஜ் நின்றால் எஞ்சினும் நின்றுவிடுமோ என்று உன் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ தன் கரண்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்று சொன்னேன், நம்பவில்லை. பழைய டீசல் ஜீப் பாட்டரி செத்தாலும் நடுவட்டத்திலிருந்து பகலில் இறங்கி வந்துவிடும், இரவில் பனிமூட்டத்தில்தான் ஆபத்து என்றதும் சமாதானமானாள். உனக்கும் அதுதான் கணக்கு. 17 ஆம்பியர்-அவர் பாட்டரியில் ரேடியோ, ஸ்கிரீன், ஒரு பக்க எலக்ட்ரானிக் இக்னிஷன் எல்லாம் சேர்ந்து 7 ஆம்பியர் இழுத்தால், காகிதத்தில் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் வரும். பழைய பாட்டரியில் அதில் பாதியைக்கூட நான் நம்பமாட்டேன். இது சரியாகும்வரை பறக்காதே.

அளந்த நம்பரை எழுதி அனுப்பு. பிளேட்டைப் பிரித்தால் இரண்டு பக்கமும் படம் எடு. ஊட்டி வர்க்கி பார்சல் கட்டியாயிற்று, பழைய அட்ரஸ்தானே?

அப்பா