மொட்டை மாடியிலிருந்து தொடங்கு: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

நேற்று நீ போனில் கேட்டதற்கு அவசரத்தில் பாதிதான் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். மேல்மாடி வாடகை வீட்டில், கைக்குழந்தையோடும் வயதான மாமியாரோடும் கோடையைக் கழிக்கிறவர்கள் உன்னைப் போல எத்தனையோ பேர். அவர்களும் படிக்கட்டும்.

இன்வெர்ட்டர் வாங்கலாமா என்று கேட்டாய். மதியம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியவில்லை, ராத்திரியும் போகிறது, பாப்பா தூங்குவதில்லை. சரி, வாங்கலாம். ஆனால் முதல் செலவு அதற்கு வேண்டாம். ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை. அறையில் இருக்கிற காற்றை நம் மேல் தள்ளுகிறது, வேர்வை காய்கிறது, உடம்பு குளிர்கிறது. நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. அறைக்குள் நாற்பதைத் தொட்டுவிட்டால் அந்த ஃபேன் அனலைத்தான் வீசும். இன்வெர்ட்டர் அந்த அனலுக்குக் கரண்ட் கொடுக்கும், அவ்வளவுதான். கரண்ட் போன பிறகு செய்ய அதிகம் எதுவும் இல்லை. காலை ஒன்பது மணிக்குள் செய்ய வேண்டியதுதான் அதிகம். பங்குனியிலேயே முடிக்க வேண்டிய வேலையும் ஒன்று இருக்கிறது.

இன்று ராத்திரி எட்டு மணிக்கு ஒரு ஸ்டூலில் ஏறி, பாப்பாவுக்கு ஜுரம் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாயே, அது போல தளத்தின் அடிப்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பார். அப்புறம் இறங்கி நாலு சுவரையும் தொட்டுப் பார். எது அதிகம் சுடுகிறது என்று கையே சொல்லிவிடும். மேலே இருப்பதுதான் சுடும். நீ குடியிருக்கிற வேலூர் இருக்கும் இடம் அப்படி. ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. அக்னி நட்சத்திரம் நடக்கும் மே 4 முதல் 28 வரை உச்சியிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும், அவ்வளவே. அந்த நாட்களில் தெற்குச் சுவரில் நேர் வெயில் படுவதே இல்லை. தெற்கு ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கிப் பணத்தைக் கரைக்காதே. காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு, மற்ற நேரமெல்லாம் மொட்டை மாடிதான் வாங்கிக் கட்டிக்கொள்கிறது.

கான்கிரீட் தளத்துக்கு ஒரு குணம் உண்டு. வாங்கிய சூட்டை உடனே கீழே விடாது. பிடித்து வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்து நாம் படுக்கப் போகும் நேரத்தில் இறக்கும். நம் ஊர் நாட்டு ஓட்டு வீட்டில் பகலில் ஓடு சுட்டாலும் சூரியன் இறங்கியதும் ஓடும் ஆறிவிடும், இடுக்கு வழியே சூடான காற்றும் வெளியே போய்விடும். அந்தக் காலத்துத் தளம் போட்ட வீடுகளிலும் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போடுவார்கள். ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊற வைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்கத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். வெயிலுக்கும் அதுதான் மெத்தை. இப்போது சைட்டில் செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டுவது இதைத்தான். கட்டட வேலையிலேயே காலம் தள்ளுகிற எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அந்தத் தளத்துக்குக் கீழே யாரோ குழந்தையைப் படுக்க வைக்கப் போகிறார்கள்.

உன் வீட்டில் சுருக்கி இல்லை, வெறும் சிமென்ட் பூச்சுதான். மழையில் கறுத்தும் போயிருக்கிறது. கறுத்த தளம் வெயிலை விழுங்கும், வெள்ளைத் தளம் திருப்பி அனுப்பும். சுருக்கி போடுவது வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் பாடு. சுண்ணாம்பு அடிப்பது நம் கையில் இருக்கிறது. முதலில் மாடியைக் கூட்டி, பாசியைத் தேங்காய் நார்ப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காய விட வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே நீற்றி, அதாவது தண்ணீரில் போட்டுக் கொதித்து அடங்க விட்டு, வைக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், கொதிக்கிற சூட்டில் இளகிவிடும். இரும்பு டிரம்மில் தண்ணீரை விட்டு, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. பாப்பாவும் அத்தையும் அந்தப் பக்கமே வரக்கூடாது. கண்ணில் தெறித்தால் ஆபத்து, அதனால் கண்ணாடியும் கையுறையும் போடாமல் யாரும் தொடக்கூடாது. மறுநாள் ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, கெட்டியான பால் பதத்துக்குக் கரைத்து, கொஞ்சம் பெவிகால் சேர்த்து, வெயில் இறங்கிய பிறகு அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் பிடிக்காமல் மாவாக உதிரும். முதல் பூச்சு நீளவாக்கில், மறுநாள் இரண்டாவது பூச்சு அகலவாக்கில். சுண்ணாம்பில் உப்பும் போடச் சொல்வார்கள். கான்கிரீட் தளத்தில் அது வேண்டாம், உள்ளே இருக்கும் கம்பிக்கு உப்பு ஆகாது.

இது மழையில் கரையும். வருடா வருடம் பங்குனியில் திரும்ப அடிக்க வேண்டும். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்டும் கடையில் கிடைக்கிறது, விலை கூட, ஆனால் சில வருடம் தாங்கும். வீட்டுக்காரர் செலவு செய்ய ஒத்துக்கொண்டால் அதையே அடிக்கலாம். எதை அடித்தாலும் அதன் மேல் தூசி படிய விடாதே, அழுக்கான வெள்ளையால் பயன் குறைவு. கோடை மழை வந்தால் முதல் மழைத் தண்ணீரில் சுண்ணாம்பும் தூசியும் கரைந்து வரும், அதை மழைநீர்த் தொட்டிக்கு விடாமல் வெளியே திருப்பிவிடு.

கீற்றுப் பந்தல் போடலாமே என்று மாப்பிள்ளை சொன்னாராம். கீழே காற்றோட இடம் விட்டுப் போட்டால் அதைவிட நல்ல நிழல் கிடையாது. ஆனால் ஒரு தீப்பொறி போதும், சுழற்றி அடிக்கும் கோடைக் காற்றில் பறந்து பக்கத்து வீட்டிலும் விழும். குழந்தை இருக்கிற வீட்டில் எனக்கு அதில் சம்மதம் இல்லை. பச்சை நிழல் வலையை ஆள் உயரத்தில் இழுத்துக் கட்டுவது மேல். வலை தளத்தில் படிந்து கிடக்கக் கூடாது, நடுவில் காற்று ஓட வேண்டும்.

அப்புறம் தண்ணீர். மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று வேலூரைச் சொல்வார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு குடம் குடமாக மாடியில் ஊற்று என்று சொல்ல எனக்கு மனம் வராது. துணி அலசிய தண்ணீரை மட்டும் சேர்த்து வை. பொழுது சாய்ந்ததும் தளம் முழுக்க மெலிசாகத் தெளி, குளம் கட்ட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதே ஒரு லிட்டர் ஆவியாகாமல் சூடேறி வழிந்து ஓடினால் அதில் இருபதில் ஒரு பங்கு போனாலே அதிகம். அதனால்தான் மெலிசாகத் தெளிக்கச் சொல்கிறேன்.

ஜன்னல் விஷயத்தில் நீ செய்வது தலைகீழ். காற்று வரட்டும் என்று பகல் முழுக்கத் திறந்து வைக்கிறாய். பதினோரு மணிக்கு மேல் வருவது பாறை மலைகளைத் தடவிக்கொண்டு வருகிற அனல். காலை எட்டரைக்கெல்லாம் சாத்திவிடு. மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடு. உள்ளே திரை போட்டால் கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே உட்கார்ந்து, அப்புறம் அறைக்குள்தான் வரும். மாலையில் கையை வெளியே நீட்டிப் பார், வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்திருந்தால் எல்லாவற்றையும் திற. எதிரெதிர் ஜன்னல் இரண்டு, மேலே வென்டிலேட்டர், மாடிப்படியின் உச்சிக் கதவு. சூடான காற்று படிக்கட்டு வழியே மேலேறிப் போகும், அந்த இடத்துக்குக் கீழேயிருந்து குளிர்ந்த காற்று வரும். வென்டிலேட்டரில் அட்டை ஒட்டி அடைத்திருக்கிறாயே, அதை இன்றைக்கே பிய்த்துப் போடு. கொசுவுக்கு வலை அடித்துக்கொள்ளலாம்.

மதியம் கரண்ட் போகிற நேரத்துக்கு வெட்டிவேர்த் தட்டி வாங்கு. சென்னையில் இருந்தால் வேண்டாம் என்பேன், அங்கே காற்றே ஈரம், தட்டி காயாது. வேலூர்க் காற்று வறண்டது, நன்றாக வேலை செய்யும். காற்று வருகிற பக்கத்து ஜன்னலில் கட்டி நனைத்துவிட்டு, அந்த ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வை, எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை. ஈரக் காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் அறை புழுங்கிச் செத்துவிடும். வெட்டிவேர் கிடைக்காவிட்டால் பழைய பருத்தி வேட்டியை நனைத்துத் தொங்கவிடு. அத்தைக்கு ஒரு பனை ஓலை விசிறி, நனைத்துப் பிழிந்த துண்டு ஒன்று. தரையில் கோரைப் பாய் விரித்துப் படுக்கச் சொல். அந்த ஃபோம் மெத்தையைக் கோடை முடிகிற வரை எடுத்து நிறுத்திவிடு, அது உடம்புச் சூட்டை விடவே விடாது.

அடுப்பு வேலையை எட்டு மணிக்குள் முடி. ராத்திரிக்குப் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கையை வைக்க முடியாமல் சுடும் என்றாய். விடியற்காலையில் இரண்டு வாளி பிடித்துக் குளியலறையில் மூடி வைத்தால் சாயங்காலம் பாப்பாவைக் குளிப்பாட்ட அது போதும். மண்பானையை அடுப்பங்கரையில் வைக்காதே, காற்று படும் இடத்தில் ஈர மணல் மேல் வை.

பாப்பாவுக்கு இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. எவ்வளவு வெயில் அடித்தாலும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர் புகட்டாதே. அடிக்கடி பால் கொடு, அதற்கு நீ நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். அத்தையை எனக்குத் தெரியும், தாகம் எடுத்தாலும் கேட்க மாட்டார். வயதானவர்களுக்குத் தாகமும் சரியாகத் தெரியாது. மணிக்கு ஒரு தடவை நீயே டம்ளரை நீட்டு. அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரையில் சில வகை உடம்பில் இருக்கும் நீரை வெளியேற்றும். அது என்ன மாத்திரை, கோடையில் எப்படி எடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுவிடு. உடம்பு அனலாய்ச் சுட்டு, பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெயில் தாக்கு. வேர்த்திருந்தாலும் சந்தேகப்படு. கரண்ட் வருமா என்று காத்திருக்காதே. 108-க்குப் போன் போட்டுவிட்டு, வண்டி வருகிற வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இரு. மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாதே. 2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் எப்படி முன்னாலேயே தயாராகிறோமோ அப்படித் தயாராக வேண்டிய விஷயம் இது.

சுண்ணாம்பு அடிக்க வீட்டுக்காரரிடம் மாப்பிள்ளை ஒரு வார்த்தை கேட்கட்டும். அவர் காசிலிருந்து ஒரு ரூபாய் வேண்டாம், தளத்துக்கு நல்லது என்று சொல்லச் சொல். வெயிலில் விரிந்து குளிரில் சுருங்குவதாலும் தளம் விரிசல் விடுகிறது, வெள்ளை அடித்தால் அதுவும் குறையும். அதைச் சொன்னால் ஒத்துக்கொள்வார். சரி என்றதும் எனக்குப் போன் பண்ணு. டிரம்மும் பிரஷ்ஷும் என்னிடம் இருக்கிறது, சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்