தொட்டாற்சிணுங்கி என்று அனுப்பிய விதையில் முளைத்தது தகரை என்ற வேறு செடி

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: வளர்ப்புப் பெட்டியில் தவறான விதை; பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

வணக்கம்.

ஜூன் மாதம் உங்களிடம் 449 ரூபாய்க்குத் தொட்டாற்சிணுங்கி வளர்ப்புப் பெட்டி வாங்கினேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டது. ஜகதீச சந்திர போஸ் இந்தச் செடியை வைத்துச் சோதனைகள் செய்தார் என்று பள்ளியில் கேட்டுவிட்டு வந்து, நாமும் வளர்க்கலாம் என்று பிடிவாதம் பிடித்தாள். ஊரில் வரப்போரம் தானாகக் கிடக்கும் செடிதான். ஆனால் நாங்கள் இருப்பது கோவையில், மூன்றாவது மாடியில்.

பன்னிரண்டு விதை போட்டதில் ஐந்து முளைத்தன. பள்ளிவிட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் ஓடிப்போய் இலையைத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு நாளும் சுருங்கவில்லை. தான் தப்பாக வளர்த்துவிட்டோமோ என்று குழந்தை அழுதாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

உங்கள் சேவை எண்ணில் பேசியவர், "செடி பெரிதானால் சுருங்கும்" என்றார். இது தவறு. தொட்டாற்சிணுங்கி நாற்றின் முதல் இலைகளே தொட்டால் மடங்கும். அடுத்த முறை பேசியவர், "இரவில் இலை மூடுகிறதல்லவா, அப்படியென்றால் தொட்டாற்சிணுங்கிதான்" என்றார். புளியும் தூங்குமூஞ்சி மரமும்கூட இரவில் இலையை மூடுகின்றன. அதற்காக அவை தொட்டாற்சிணுங்கி ஆகிவிடுமா?

செப்டம்பரில் மஞ்சள் பூ பூத்தது. அப்போது ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, "இது தகரை" என்றார். தகரைக்கு உரியபடியே மூன்று சோடிச் சிற்றிலை, நுனி உருண்டை. தொட்டாற்சிணுங்கியின் பூவோ இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். படங்களை இணைத்திருக்கிறேன்.

அம்மா அடுத்த முறை வரும்போது ஊரிலிருந்து விதை கொண்டுவந்தார். தோல் கெட்டியான விதை என்பதால் சுடுநீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து விதைத்தோம். முளைத்தது, முதல் இலையே மடங்கியது. ஊறவைக்க வேண்டும் என்று உங்கள் குறிப்புத்தாளில் ஒரு வரிகூட இல்லை. தண்டில் முள் இருக்கும் என்பதும் இல்லை. குழந்தைகளுக்கான பெட்டி இது. அப்புறம், "எத்தனை முறை வேண்டுமானாலும் தொட்டு விளையாடுங்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். காம்படியில் உள்ள செல்களிலிருந்து நீர் வெளியேறுவதால்தான் இலை தொங்கி மடங்குகிறது. திரும்ப விரியச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை வெயிலில் உணவு தயாரிப்பது குறையும். ஓயாமல் சீண்டினால் செடியின் வளர்ச்சி குறையலாம்.

என் பணம் 449 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கையிருப்பில் உள்ள விதைகளைச் சோதித்து, குறிப்புத்தாளையும் திருத்துங்கள். இதே பெட்டியை வாங்கிய மற்றவர்களுக்கும், விதைதான் தவறு என்று எழுதித் தெரிவியுங்கள். அந்த வீடுகளிலும் குழந்தைகள் தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
கோவை வாடிக்கையாளர்